சந்துமூக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.6.2024

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு நூர்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் சுகமா? அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பக்கத்து ஊருக்குக் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். உங்கள் தம்பி இறந்ததற்கு நான் இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வெளியே வரக்கூடாது, நீங்களும் என் முன்னால் வந்து உட்கார முடியாது. போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் குரலும் உங்கள் தம்பி குரலும் ஒன்று. பக்ரீத் அன்று நீங்கள் கூப்பிட்டு "ஹலோ" என்றதும் போனைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் மேல் வருத்தமில்லை. கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் தபாலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

காரியம் இதுதான். முன் அறையில் உங்கள் தம்பி சேர்த்து வைத்திருந்த பழைய வாக்குவம் கிளீனர் சாமான்கள் உங்களுக்குத் தெரியும். குழாய், பிரஷ், மூக்கு, வாய் என்று அந்தக் காலத்து மெசின்களின் நுனியில் மாட்டுகிறவை. எது எந்த மெசினுடையதோ அதோடு சேர்த்து, பேண்டேஜ் துணியில் சுற்றி அடுக்கியிருந்தார். மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று வந்தவர்கள் உட்கார்ந்து யாசீன் ஓத இடம் வேண்டுமென்று, யாரோ நல்ல மனதோடு எல்லாக் கட்டையும் பிரித்து உரச் சாக்குகளில் அள்ளிப் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது.

மகள் சப்ரீன் பிரசவத்துக்கு அக்டோபரில் இங்கே வருகிறாள். அந்த அறை வேண்டும். சாமான்களை உங்கள் கடையிலேயே எடைக்குப் போட்டுவிடலாம். ஆனால் கலந்தபடி போட மனம் வரவில்லை. முதலில் பிரிப்போம். அவர் உங்களிடம்தான் இதைப் பற்றியெல்லாம் பேசுவார். என்னிடம் பேச வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எதை எதோடு சேர்ப்பது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அன்றைக்குக் காலையில், "கிருஷ்ணன்கோவில்ல ஹாஸ்டல் கிரைண்டர் மோட்டார் பாக்கணும், மதியத்துக்குள்ள வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கிருஷ்ணன்கோவில் வடக்கே இருக்கிறது. லாரி மோதியது ராஜபாளையம் ரோட்டில், மம்சாபுரம் விலக்கில். போனும் நொறுங்கிவிட்டது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களைப் பார்க்க வந்தாரா? தெரிந்தால் எழுதுங்கள்.

துஆ செய்யுங்கள்.
நூர்னிசா


இராஜபாளையம்
3.7.2024

அன்புத் தங்கச்சி நூர்னிசாவுக்கு சேக் முகைதீன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். அக்கா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் அந்தக் கையோடு என்னைத் திட்டுகிறாள், அதனால் நன்றாகத்தான் இருக்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு அம்மா.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். காயலான் கடைக்காரனுக்கு எல்லாம் எடைதான். எனக்கு இதையெல்லாம் பார்க்கச் சொல்லித் தந்ததே தம்பி சாதிக்தான். "அண்ணே, மூஞ்சியப் பாக்காதீக, கழுத்தப் பாருங்க" என்பான். வாய் அகலமா, நீளமா, பிரஷ் வைத்ததா என்பதெல்லாம் பிறகு. மெசின் குழாயில் மாட்டுகிற இடம்தான் கழுத்து. சிலது குழாய்க்கு உள்ளே போகும், சிலது குழாய்க்கு மேலே ஏறும். சிலதில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், ஓட்டையில் போய் டக்கென்று உட்காரும். ஒரே மாதிரிக் கழுத்து இருந்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூக்கும் முழியும் வேறாக இருந்தாலும் குழம்பாதே.

முதலில் மூன்றாகப் பிரி. பளபளவென்று இரும்புக் குழாயும் அலுமினிய வாயும் உள்ளவை ஒரு பக்கம். அவைதான் மூத்தவை. கறுப்பாக, கனமாக, தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் வருகிறவை இன்னொரு பக்கம். மற்ற பிளாஸ்டிக் எல்லாம் மூன்றாவது. பிளாஸ்டிக்கில் அவனுக்கு ஆசை கிடையாது, எறியவும் மனம் வராது.

சுற்றுவதற்குத் துணி குறைந்தால் சொல். கடைக்குப் பின்னால் உள்ள பேண்டேஜ் யூனிட்டில் கழிவுத் துணி வாங்கி அனுப்புகிறேன். இங்கே வெயில் அதிகம். மாடிக்கு நீ ஏறாதே.

வஸ்ஸலாம்.
சேக் முகைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.7.2024

பெரிய மச்சானுக்கு நூர்னிசாவின் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தட்டு காலியாகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக் கல்பனா சாக்குகளைக் கீழே இறக்கித் தந்தாள். காலையில் உட்கார்ந்தால் மதிய லுஹர் பாங்கு வரை பிரித்துக்கொண்டிருக்கிறேன். கழுத்துச் சேதி உண்மைதான். முகம் ஒன்றாக இருந்த இரண்டு பிரஷ்கள் இரண்டு குடும்பம். நேரம் போகிறது. கை வேலை செய்கிறது, நான் பக்கத்தில் சும்மா இருக்கிறேன்.

கறுப்புச் சாமான்களில்தான் குழப்பம். பழையதா புதியதா என்று பார்க்க அவர் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பார், அது நினைவிருக்கிறது. நானும் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு மீன் குழம்பு வாடையும் தெரியவில்லை, சாம்பிராணி வாடையும் தெரியவில்லை. வீட்டில் எரிகிற வாடை வருகிறதென்று கல்பனாதான் ஓடி வந்து பாலை இறக்கினாள்.

உறவுக்காரி ஒருத்தி வந்தவள், இந்தப் பிரஷ்களில் பன்றி முடி இருக்கும், தொழுகிற வீட்டில் வைக்கலாமா என்றாள். அது உண்மையா? நான் அழவில்லை என்றும் அவளுக்குக் குறை. அழுகை வரவில்லை என்றால் என்ன செய்வது?

நான் முன்பு கேட்ட ஒன்றுக்கு நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

அக்காவுக்கு என் ஸலாம்.
நூர்னிசா


இராஜபாளையம்
26.7.2024

அன்புத் தங்கச்சிக்கு, உன் மேலும் நம் எல்லார் மேலும் அல்லாஹ்வின் அமைதி உண்டாகட்டும். இங்கே சுகம். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த உன் தம்பி, நீ இளைத்துவிட்டதாகச் சொன்னார். பால் குடி.

கறுப்புச் சாமானைத் தேய்க்க வேண்டாம், சுடுதண்ணீரில் செத்த நேரம் போட்டு எடு. ஆஸ்பத்திரி வாடை அடித்தால் அது பேக்கலைட், பழையது. உனக்குத் தெரியவில்லையென்றால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை முகரச் சொல்.

முடி விஷயத்தில் பயப்படாதே. பன்றி முடியின் நுனி பிளந்திருக்கும். குதிரை முடி கடைசிவரை ஒற்றை இழை. சாதிக் லென்ஸ் வைத்துப் பார்ப்பான். பன்றி என்று சந்தேகம் வந்துவிட்டால் என் கடையிலேயே உட்கார்ந்து குறடால் முடியை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் கட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். "ஏலே, மொட்டை பிரஷை வச்சு எதைத்தாம்ல கூட்டப்போற" என்று கேலி பண்ணுவேன். "கூட்டுததுக்கா சேக்கேன்?" என்பான். எனவே மொட்டையாக ஏதாவது கிடந்தால் திகைக்காதே.

இரும்புக் குடும்பத்தில் குமிழ் வைத்த கழுத்துள்ள ஒரு தொகுப்பு இருக்கும். அதுதான் அவனுக்கு உயிர். தரை வாய், சோபா வாய், வட்டப் பிரஷ், மருந்தடிக்கிற கண்ணாடிக் குப்பி, ஆக நான்கு. ஐந்தாவது தட்டையாக, நீளமாக ஒரு மூக்கு, நாற்காலி இடுக்கிலும் பீரோ சந்திலும் நுழைவது. ‘சந்துமூக்கு’ என்று அவனே பேர் வைத்திருந்தான். அது மட்டும் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. பல வருஷமாகத் தேடினான்.

நீ கேட்டிருந்தாய். அந்த ரோட்டில் இப்போது லாரிகள் அதிகம். யாரும் கேட்பாரில்லை.

சப்ரீனுக்கு என் துஆ.
சேக் முகைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.2024

பெரிய மச்சானுக்கு ஸலாம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நேற்று முன்தினம் ஆடிப்பூரத் தேர். தெருவே காலியாகிவிட்டது. நான் மட்டும் பிரஷ்களோடு உட்கார்ந்திருந்தேன். வடம் இழுக்கிற கூச்சல் வீட்டுக்குள் வந்துபோனது.

பிரித்து முடித்துவிட்டேன். நீங்கள் சொன்ன நான்கையும் கண்டுபிடித்து ஜமுக்காளத்தில் வரிசையாக வைத்தேன். குப்பியின் மூடியில் மட்டும் ஒரு கீறல், சாக்கில் போட்டபோது விழுந்திருக்கும். மொட்டை பிரஷ்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றைப் பார்த்துச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

லாரிகள் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். நான் லாரியைப் பற்றிக் கேட்கவில்லை.

மச்சான், இருபத்தாறு வருஷத்தில் உங்கள் தம்பி என்னிடம் போகிற ஊரை மாற்றிச் சொன்னதில்லை. போன வாரம் துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "அவிய அடிக்கடி ராஜபாளையத்துக்குப் போவாகளோ?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். என்ன நினைத்துக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னால் வாசலைத் தாண்டி ஒருவரிடம் போய் விசாரிக்க முடியாது. உங்களால் முடியும். உங்களுக்குத் தெரிந்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

நூர்னிசா


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2024

பெரிய மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்களிடமிருந்து கடிதமில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. அக்காவிடம் போனில் கேட்டேன். "கடைக்குப் போறாக, வாறாக, சரியாச் சாப்பிட மாட்டேங்காக" என்றாள். சுகர் மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

கேட்டது கேட்டதுதான். திரும்பக் கேட்க மாட்டேன்.

நூர்னிசா


இராஜபாளையம்
20.9.2024

தங்கச்சி நூர்னிசாவுக்கு, ஸலாம். உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்தப் பார்சலைப் பிரித்துப் பார். பேண்டேஜ் துணியில் சுற்றியிருப்பதுதான்.

இதைப் பார்க்கத்தான் அன்றைக்கு வந்தான்.

பெரிய மில் குடும்பத்துப் பழைய பங்களா ஒன்றை இடிக்கிறார்கள். அங்கிருந்து வந்த தட்டுமுட்டுச் சாமானில் ஒரு வாக்குவம் கிளீனரின் ஓட்டைப் பெட்டியும், அதற்குள் இந்த மூக்கும் கிடந்தன. தட்டையாக, அலுமினியத்தில். கழுத்தைப் பார்த்தேன். சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. உடனே அவனைக் கூப்பிட்டு, "ஏலே, ஒன் சந்துமூக்கு வந்துருச்சு" என்றேன். "நெசமாவாண்ணே? நாளைக்கு வாரேன்" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாளைக்கா? அலுமினிய லோடு மதியம் கெளம்புது, அதுல போட்டுருவேன். பொறவு அழாத" என்றேன்.

லோடு ஒன்றும் கிளம்பவில்லை அம்மா. விளையாட்டுக்குச் சொன்னேன். அவனைச் சீண்டிப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு டீ வாங்கி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். டீயில் ஆடை கட்டிவிட்டது. பிறகு போன் வந்தது.

அவன் உன்னிடம் ஊரை ஏன் மாற்றிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி யார் என்ன பேசினாலும் நம்பாதே. என்னைப் பார்க்கத்தான் வந்தான். என்னால்தான் வந்தான்.

ராத்திரியில் தூக்கம் கிடையாது. வைத்த சோறு அப்படியே தட்டில் கிடக்கிறது. ஒன்றே ஒன்று செய். அந்த நான்கோடு இதையும் வைத்து, குழாயில் மாட்டிப் பார். பொருந்தினால் எழுது. அவன் தேடினது உண்மையிலேயே அன்றைக்கு என் கையில் இருந்தது என்று தெரிந்தால் போதும். பொருந்தாவிட்டால் அதையும் எழுது. பொருந்தாத ஒன்றுக்காக அவனை ரோட்டுக்கு வரவழைத்தேன் என்றால், அதற்கப்புறம் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சேக் முகைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.9.2024

அன்பு மகள் சப்ரீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் நலமா? கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை. பிள்ளைக்கு வெட்டி அனுப்புகிற பழைய வேட்டித் துணிகளோடு இந்தத் தாளையும் வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் உன் மாமியார் பக்கத்தில் இருப்பார்கள். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் அத்தா அன்றைக்கு எங்கே போனார்கள் என்று தெரிந்துவிட்டது. உன் பெரியத்தா, நீ தேடிய மூக்கு வந்திருக்கிறது, உடனே வா என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்குத்தான் போயிருக்கிறார்கள். என்னிடம் ஏன் கிருஷ்ணன்கோவில் என்றார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தின வாரம், "இனி ஒரு குழாய் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்று கத்தியிருந்தேன். நீ பிரசவத்துக்கு வரப்போகிறாயே, அறை இல்லையே என்ற எரிச்சல். என் வாய்க்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. வேறென்னவோ என்று இத்தனை நாள் நினைத்தேனே, அதற்காக வெட்கப்படுகிறேன்.

அந்தச் சாமானை உன் பெரியத்தா அனுப்பியிருக்கிறார். துணியைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனது உனக்குத் தெரியும். ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் அறுந்த பஞ்சு சுற்றிக்கொள்ளாமல் இழுத்துக்கொள்ள, நூல் வருகிற ரோலருக்குக் கீழே ஒரு தட்டை மூக்கு இருக்கும். அதுதான் இது. எட்டு மணி நேரம் அதன் முன்னால் நின்றவளுக்கு மறக்குமா? கழுத்தில் குமிழ் இல்லை. மில் மெசின் பிரேமில் செருகுவதற்கு ஒரு பள்ளம்தான் இருக்கிறது. குழாயில் போட்டுப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடிக் கீழே விழுந்தது. மில் முதலாளி வீட்டில் எப்படியோ ஒரு வாக்குவம் கிளீனர் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. காயலான் கடையில் எத்தனையோ மில் சாமான் வருகிறது, ஆனால் உன் பெரியத்தா எந்த மில்லுக்குள்ளும் போய் நின்றதில்லை. பெட்டியைப் பார்த்து ஏமாந்துவிட்டார்.

அவர் ஒன்றுதான் கேட்கிறார், அது பொருந்துகிறதா என்று.

அவர் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை சப்ரீன். மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவருடைய கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பொருந்தாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை என்ற வரியில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. அப்போது முடிவு செய்தேன்.

கழுத்தில் பேண்டேஜ் துணியை நாலு சுற்றுச் சுற்றி, குழாய்க்குள் வைத்துத் திருகி, அம்மிக் குழவியால் தட்டி இறக்கிவிட்டேன். வெளியே தெரிந்த நூலை பிளேடால் அறுத்தேன். இப்போது பார்க்கச் சரியாக இருக்கிறது. பொருந்திவிட்டது என்று அவருக்கு எழுதப் போகிறேன். இத்தாவில் இருப்பவள் பொய் எழுதலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள்.

நீ வந்த பிறகு அவர் பார்க்க வருவார். அந்தக் குழாயைக் கையில் எடுத்தால், "பெரியத்தா, வச்சுருங்க, பிள்ளைக்கு அழுக்கு" என்று ஏதாவது சொல்லி வாங்கி வைத்துவிடு. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒருத்தியாவது என்னோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும் போல இருந்தது.

பார்த்துப் படியேறு.
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.9.2024

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு நூர்னிசாவின் ஸலாம். நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க அல்லாஹ் உதவட்டும். பார்சல் பத்திரமாக வந்தது.

பொருந்திவிட்டது. மாட்டிவிட்டேன், கழற்ற வரவில்லை, அவ்வளவு இறுக்கம். நீங்கள் கழுத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஐந்தும் ஒன்றாக இருக்கின்றன.

அவர் ஊரை மாற்றிச் சொன்னது என் வாய்க்குப் பயந்து. இனி குழாய் வாங்கக் கூடாது என்று நான்தான் சண்டை போட்டிருந்தேன். இதில் உங்கள் பங்கைவிட என் பங்கு குறைவில்லை. இனி இதைப் பற்றி நாம் இருவரும் எழுத வேண்டாம்.

மற்றவற்றை எடைக்குப் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். பரணில் ஏற்றிவிட்டால் சப்ரீனுக்கு அறை போதும். மாத்திரையை விடாதீர்கள், சாப்பிடுங்கள். இத்தா முடிந்ததும் அக்காவோடு வாருங்கள். வந்தால் பேசுங்கள், நான் கேட்டுக்கொள்வேன்.

நூர்னிசா


இராஜபாளையம்
14.10.2024

அன்புத் தங்கச்சி நூர்னிசாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். சப்ரீன் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள், சந்தோஷம். உன் கடிதம் வந்த அன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மறுநாள் விடியற்காலை சுபுஹு பாங்குக்கு அக்கா தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொன்னேன். தம்பி இத்தனை வருஷம் தேடினதை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன், மாட்டினால் கழற்ற வரவில்லையாம் என்றேன். "ஒமக்கு இம்புட்டு அறிவு எப்ப வந்துச்சு பாய்?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சாதிக் இருந்தால் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பான், இல்லையா? அந்த நினைப்பிலேயே நாள் போகிறது. அழுகையும் வருகிறது. ஆனால் இப்போது வருவது வேறு அழுகை.

உன் இத்தாவும் முடிகிறதே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அக்காவோடு வருகிறேன். கடைக்கு வருகிற மூட்டைகளை இப்போதெல்லாம் நானே அவிழ்த்துப் பார்க்கிறேன். நேற்று ஒரு வட்டப் பிரஷ் வந்தது, குதிரை முடிதான், நுனியைப் பார்த்துவிட்டேன். உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன். வேண்டாமென்றால் இங்கேயே கிடக்கட்டும், எந்த லோடிலும் போகாது. அவசரமில்லை அம்மா.

சேக் முகைதீன்